பழைய சுரங்கத்தின் மேல் மின்தடை ஆய்வு: கேபிளுக்கு முன் தண்ணீரைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் நிலக்கரி ஊர்களான டண்டீ, கிளென்கோ, நியூகாசில் பக்கம் வீடோ, கோயில் மண்டபமோ கட்ட நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கீழே சுரங்கம் இருக்கா தம்பி?" நான் நெய்வேலிக்காரன். இப்போது டர்பனில் இருந்துகொண்டு வடக்கு குவாசுலு-நட்டாலில் நிலத்தடி ஆய்வு செய்கிறேன். அந்தக் கேள்விக்கு மின்தடை ஆய்வு எப்படிப் பதில் சொல்லும், எங்கே சொல்லாது என்பதை, இந்த வேலையைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தத்துவம் எளிது. இரண்டு இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து மின்சாரம் செலுத்துகிறோம். வேறு இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறோம். கம்பிகளைச் சம இடைவெளியில் நடும் வென்னர் முறையில் இடைவெளி 10 மீட்டர், மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர், கிடைத்த மின்னழுத்தம் 160 மில்லி வோல்ட் என்று வையுங்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் 1.6 ஓம். இரண்டு பை பெருக்கல் இடைவெளி பெருக்கல் 1.6 ஓம்; ஏறக்குறைய 100 ஓம்-மீட்டர். அதுதான் அந்த நிலத்தின் மின்தடைத்திறன். இடைவெளியை அகலமாக்க அகலமாக்க ஆழத்தில் இருப்பது தெரியவரும். இன்றைய கருவிகள் ஒரே கோட்டில் நட்ட நாற்பது, ஐம்பது கம்பிகளை ஒரே கேபிளில் இணைத்து, எந்த நான்கை எப்போது பயன்படுத்துவது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அந்த அளவுகளைக் கணினி, கோட்டுக்குக் கீழே உள்ள நிலத்தின் வண்ணப்படமாக்கித் தரும்.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். கேபிளை விரிப்பதற்கு முன் செய்ய வேண்டியதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் தெரிய வேண்டியது, அந்தச் சுரங்கத்தில் தண்ணீர் நிற்கிறதா, காற்று நிற்கிறதா என்பது. வெறும் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடம் படத்தில் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டராக, சிவப்பாக வரும். தண்ணீர் நிறைந்த சுரங்கம் நேர்மாறு. நிலக்கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. அந்தத் தண்ணீரில் சல்ஃபேட் கரைந்து மின்சாரம் சுலபமாக ஓடும்; படத்தில் 20 ஓம்-மீட்டருக்கும் கீழே, நீலமாக வரும். நிலக்கரி அடுக்கு சரிந்து கிடப்பதால் ஒரே சுரங்கத்தின் மேட்டுப்பக்கம் காய்ந்தும் தாழ்ந்த பக்கம் மூழ்கியும் இருப்பது சாதாரணம். ஒரே கோட்டில் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம், இரண்டும் அதே சுரங்கம்! நீர் மட்டம் தெரியாமல் அந்தப் படத்தைப் படித்தால் பாதியைக் களிமண் என்று தள்ளிவிடுவோம். அதனால் அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் மட்டத்தை அளந்துவிடுங்கள். ஓடைக்கரையில் ஆரஞ்சு நிறப் படிவு தெரிகிறதா பாருங்கள். சுரங்க நீர் வெளியேறும் இடத்தில் இரும்பு அப்படிப் படியும்.

அடுத்தது பழைய வரைபடம். இங்கே பெரும்பாலும் கூரையைத் தாங்க நிலக்கரியிலேயே தூண் விட்டு அறை வெட்டியிருப்பார்கள். சில இடங்களில் கடைசியில் தூண்களையும் எடுத்துவிட்டார்கள். அங்கே கூரை இடிந்து, மேலே உள்ள பாறை வரை விரிசல் ஏறியிருக்கும். வரைபடம் கிடைத்தால் நீள அளவையும், இடத்தைக் குறிக்கும் எண்களான ஆயங்களின் அமைப்பையும் சரிபாருங்கள். தென்னாப்பிரிக்கப் பழைய வரைபடங்களில் கேப் அடி வரும், அது 0.3149 மீட்டர், ஆங்கில அடி 0.3048. நூறு அடியில் ஒரு மீட்டர் பிசகும். 1999 ஜனவரி 1 முதல் நாடு ஹார்ட்பீஸ்ட்ஹூக் 94 என்ற அளவைத் தளத்துக்கு (ஆயங்களைக் கணக்கிடும் அடிப்படைக்கு) மாறியது; அதற்கு முந்தையவை கேப் டேட்டம் என்ற பழைய தளத்தில் இருக்கும். இங்குள்ள ஆய முறையில் எக்ஸ் தெற்கு நோக்கியும் ஒய் மேற்கு நோக்கியும் கூடும். இதைக் கவனிக்காமல் ஜிபிஎஸ்ஸில் போட்டால் சுரங்கம் வேறு யார் நிலத்திலோ போய் நிற்கும்.

வரைபடத்தில் இல்லாத வெட்டுகளும் உண்டு. ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். 1913 அக்டோபரில், ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் பக்கத்துச் சுரங்கங்களில் வேலையை நிறுத்திவிட்டு நடந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். டண்டீயில் ஒரு தாத்தா என்னை வேலியோரம் கூட்டிப்போய், "மழை பேஞ்சா தண்ணி இங்க நிக்காதுப்பா, அப்படியே உள்ள போயிடும்" என்று காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம். அதன் ஓரப் புல் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. என் முதல் கோட்டை அதன் மேலேயே போட்டேன். இப்படிப்பட்ட பேச்சை எந்தக் கருவியும் தராது.

இப்போது கோடு. சுரங்க அறைகளின் திசைக்குக் குறுக்கே போடுங்கள். இரும்பு வேலி, தண்ணீர்க் குழாய் இருந்தால் அவற்றுக்கு இணையாகப் போகவே வேண்டாம்; மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். 48 கம்பிகளை 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் கோடு 235 மீட்டர். ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நம்பலாம். 2 மீட்டர் இடைவெளியென்றால் 94 மீட்டர் நீளம், 16 முதல் 18 மீட்டர் ஆழம். கட்டடம் கட்டுபவருக்கு ஆபத்து ஆழம் குறைந்த வெட்டுகளில்தான், அதனால் நான் முதலில் 2 மீட்டரையே எடுக்கிறேன். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: 2 மீட்டர் உயரமுள்ள ஒற்றைச் சுரங்கவழி 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் இந்த முறைக்குத் தெரியாது. "ஒன்றும் இல்லை" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். "இந்த ஆழம் வரை, இந்த அளவுக்கு மேல் எதுவும் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அந்த வரியை நம்பித்தான் ஒரு குடும்பம் அஸ்திவாரம் போடுகிறது.

மின்சாரக் கம்பிகள் வெளியேயும் அளக்கும் கம்பிகள் நடுவிலும் வரும் வென்னர்-ஷ்லம்பர்ஜே அமைப்பில் ஒரு முறை, அந்த இரண்டு ஜோடிகளும் தனித்தனியாக நிற்கும் டைபோல்-டைபோலில் ஒரு முறை என்று அதே கோட்டை இரண்டு தடவை அளப்பது நல்லது. முதலாவதில் சிக்னல் பலமாக இருக்கும். இரண்டாவது பக்கவாட்டு மாற்றங்களைக் கூர்மையாகக் காட்டும், ஆனால் இரைச்சல் அதிகம். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் தரை காய்ந்து கிடக்கும்போது கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே தொடர்புத் தடை ஏறும். கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றி 2 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

கேபிளில் 400 வோல்ட்டுக்கு மேல் போகும். மாடு மேய்க்கும் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லி, கோட்டின் இரு முனையிலும் ஆள் நிறுத்துங்கள். கோடையில் பிற்பகல் இடி சகஜம். மேகம் திரண்டதும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு விலகிவிடுங்கள். பழைய சுரங்க வாயிலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத காற்று அங்கே தேங்கியிருக்கும். அதற்கு வாசனையே கிடையாது.

கணினியில் இன்வர்ஷன் (அளவுகளிலிருந்து நிலத்தடியைக் கணக்கிடுவது) முடிந்து வண்ணப்படம் வந்ததும் இங்கே எல்லாரையும் ஏமாற்றுவது டோலரைட். இந்த நிலக்கரி வயல் முழுக்க, பாறைக்குழம்பு இறுகி உண்டான டோலரைட் என்ற கரும்பாறை ஊடுருவியிருக்கிறது. உடையாத டோலரைட்டும் காய்ந்த சுரங்கமும் ஒரே சிவப்பில் வரும். பிரித்தறிய நான் நம்புவது காந்தமானியை. டோலரைட் காந்தத்தன்மை உள்ளது. மணற்பாறையிலும் நிலக்கரியிலும் அது அநேகமாக இல்லை. அதே கோட்டில் நடந்து அளந்தால், சிவப்புக்கு மேலே காந்தப்புலமும் துள்ளினால் அது பாறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துள்ளாவிட்டால் வெற்றிடத்தைச் சந்தேகிக்கலாம். நீலத்துக்கும் இதே தொல்லை: சிதைந்த டோலரைட் ஈரக் களிமண்ணாகி, சுரங்க நீர் போலவே தெரியும். அங்கே ஆழத்தைப் பாருங்கள். நிலக்கரி அடுக்கின் மட்டத்திலேயே நீலம் கிடக்கிறதா, தரையிலிருந்து தொங்குகிறதா? தொங்கினால் பெரும்பாலும் களிமண். முடிந்தால் குளிர்காலக் கடைசியிலும் மழைக்காலக் கடைசியிலும் ஒரே கோட்டை அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மாறிய இடத்தில்தான் தண்ணீர் இறங்குகிறது.

அப்புறம் துளை போட்டே ஆக வேண்டும். சந்தேகமான இடத்தில் ஒன்று, சந்தேகமில்லாத இடத்தில் ஒன்று. துளைத்தண்டு திடீரென்று இறங்கி, ஊதும் காற்று மேலே திரும்பாமல் போனால் அந்த ஆழத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். துளை வாயில் மீத்தேன் அளவு பார்க்கும்வரை அருகில் யாரும் தீக்குச்சி உரசக் கூடாது. நீர் மட்டத்தை அளந்து, கேமராவை இறக்கி, பிறகு குழாய் போட்டு மூடிவிடுங்கள். கோட்டின் இரு முனைகளிலும் சிமெண்ட் முளை அடித்து, அதன் ஆயங்களை எந்த அளவைத் தளம் என்ற குறிப்போடு நிலத்துக்காரரிடம் எழுதிக் கொடுங்கள்.