வீட்டிலேயே பவுடர் கோட்டிங் ஓவன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரை வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்கள் பலர் இப்போது பவுடர் கோட்டிங்குக்கான (உலோகத்தின் மேல் பெயின்ட் பவுடரைப் பூசி, சூட்டில் உருக்கி இறுக வைக்கும் முறை) ஓவனையும் தாங்களே கட்டிவிடுகிறார்கள். வெல்டிங் நேர்த்தியாக இருக்கிறது, கதவு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் தொடக்கத்தில் எங்கள் பட்டறையில் நடந்த அதே பிழைகள் அப்படியே திரும்ப வருகின்றன. முகமூடி, எர்த் ஒயர், சமையல் ஓவனில் பவுடர் சுடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிஸ்பிளேயில் 200 வந்ததும் டைமரைப் போடுவது

அதிகம் செலவு வைப்பது இதுதான். பவுடர் டப்பாவில் 200 டிகிரி, 10 நிமிடம் என்று போட்டிருந்தால், அந்த 200 பொருளின் உலோகச் சூடு. கண்ட்ரோலர் காட்டுவதோ தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்) இருக்கும் இடத்தின் காற்றுச் சூடு. மெல்லிய பிராக்கெட் என்றால் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் சூடேறிவிடும். அலாய் வீலின் நடுப்பகுதி கனமானது. காற்று 200-ஐத் தொட்ட பிறகும் அது வெகுநேரம் பின்தங்கியே நிற்கும். அந்த நேரத்தில் 10 நிமிடம் எண்ணத் தொடங்கினால் பவுடர் பாதி வெந்த நிலையிலேயே வெளியே வந்துவிடும்.

எரிச்சல் என்னவென்றால், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பவுடர் உருகிப் பரவ அவ்வளவு சூடு தேவையில்லை. அதனால் பளபளப்பு வந்துவிடும். உள்ளே இறுகும் வினைதான் முடிந்திருக்காது. ஒரு தம்பி நான்கு வீல்களைக் கருப்பில் அருமையாகச் சுட்டு எடுத்தார். டயர் மாட்டும் கடையில் லீவர் பட்ட இடமெல்லாம் தோலாக உரிந்தது. பவுடர்தான் மட்டம் என்று வேறு பவுடர் வாங்கி, மறுபடி சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துப் பழைய பூச்சை நீக்குவது) செய்து, அதே முறையில் சுட்டார். மறுபடி உரிந்தது. பவுடர், பிளாஸ்டிங், கரண்ட், டயரைக் கழற்றி மாட்டும் கூலி, எல்லாம் இரண்டு தடவை வீண்.

சிலர் இதற்குப் பயந்து 240 வரை ஏற்றிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். வெள்ளை மஞ்சளாகும் என்பது சின்ன விஷயம். வார்ப்பு அலுமினிய வீல்களில் பெரும்பாலானவை வெப்பப் பதம் பார்த்து வலுவூட்டப்பட்டவை. அளவுக்கு மேல் சுட்டால் அந்த வலு குறையும். ஆள் உட்கார்ந்து ஓட்டும் வண்டியின் சக்கரம் அது.

ஆகவே ஓவன் கட்டும்போதே சுவரில் இன்னொரு சிறு துளை விடுங்கள். அதன் வழியாக இரண்டாவது கே வகைத் தெர்மோகப்பிளை உள்ளே விட்டு, பொருளின் மிகக் கனமான இடத்தில், கண்ணுக்குப் படாத பக்கமாகக் கவ்வ வையுங்கள். அது காட்டும் சூட்டிலிருந்துதான் நிமிடம் எண்ண வேண்டும். கனமான வீலையும் மெல்லிய பிராக்கெட்டையும் ஒரே சுற்றில் போடாதீர்கள். இன்ஃப்ராரெட் கன்னைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பிடிப்பவர்களும் உண்டு. அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

சந்தேகம் இருந்தால், ஆறிய பிறகு மறைவான இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் லேசாக நிறம் ஒட்டலாம். பூச்சே இளகிப் பிசுபிசுத்தால் அது வேகவில்லை.

ஹீட்டருக்கு நேர் எதிரே பொருளைத் தொங்கவிடுவது

ஹீட்டரைப் பார்க்கும் பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. நடுவில் ஒரு தகட்டு மறைப்பு வையுங்கள். சூடு காற்றின் வழியாகச் சுற்றி வரட்டும். விசிறி மெதுவாக ஓடினால் போதும். வேகமான காற்று, உருகுவதற்கு முன்பே பவுடரை ஊதித் தள்ளிவிடும்.

விசிறி மோட்டாரை உள்ளே வைப்பது

வெளியே வையுங்கள். தண்டு மட்டும் உள்ளே போகட்டும்.

பழைய பிரிட்ஜ் கூட்டை ஓவனாக்குவது

வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கும் ஃபோமும். புகையே விஷம்.

உள் தகடும் வெளித் தகடும் ஒட்டிக்கொண்டிருப்பது

நான்கு அங்குல ராக்வூல் (சூடு வெளியேறாமல் தடுக்கும் கல் பஞ்சு) திணித்தும் வெளிச்சுவர் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்பார்கள். பார்த்தால், உள் தகட்டையும் வெளித் தகட்டையும் ஒரே ஸ்கொயர் டியூபில் பற்ற வைத்திருப்பார்கள். சூடு இரும்பு வழியாகவே வெளியே வந்துவிடுகிறது. இரண்டு கூடுகளையும் தனித்தனியாகக் கட்டி, சில இடங்களில் மட்டும் சிறு துண்டுகளால் இணையுங்கள். கதவு ஓரத்தில்தான் இந்தத் தவறு அதிகம்.

எஸ்எஸ்ஆரை (ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு ரிலே) மட்டும் நம்புவது

6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 26 ஆம்பியர் இழுக்கும். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் இது நடக்காது. தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே வெட்டும் சுவிட்ச்) வேண்டும். அப்புறம், எஸ்எஸ்ஆர் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் நிற்காது. அதனால் கண்ட்ரோலருக்குச் சம்பந்தமில்லாத தனித் தெர்மோஸ்டாட் ஒன்றை 230 டிகிரிக்கு வைத்து, அது கான்டாக்டரை (ஹீட்டருக்குப் போகும் முழுக் கரண்டையும் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) வெட்டும்படி இணையுங்கள். சூடு இறங்கியதும் தானாக ஆன் ஆகும் வகை வேண்டாம், கையால் ரீசெட் செய்யும் வகையையே வாங்குங்கள்.