சி.வி. ஜாயிண்ட் பூட்: கிழிசலை இன்றே பாருங்கள்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, முன்சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்ஸில் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைதான் பூட். அதற்குள் கிரீஸோடு இருப்பதுதான் சி.வி. ஜாயிண்ட்: சக்கரம் திரும்பினாலும் இன்ஜினின் சுழற்சியை அதற்குக் கடத்தும் மூட்டு. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய் ஜாயிண்ட் தேய்ந்துவிடும். மடிப்பின் பள்ளத்தில் வெடிப்பு இருந்தாலோ, சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் ரப்பருக்காக முழு ஆக்ஸிலையும் பலிகொடுக்க வேண்டாம்.

வளைவில் திரும்பும்போது 'டக் டக்' சத்தம் வந்துவிட்டதா? அப்படியென்றால் ஜாயிண்டே தேய்ந்துவிட்டது, பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

சத்தம் இல்லையா? சரி, பழைய பூட்டைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் பழைய கிரீஸைக் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மணல்போல நறநறத்தால் ஜாயிண்டைப் பிரித்து, உள்ளே குண்டுகள் ஓடும் தடங்களைப் பார்த்தே ஆகவேண்டும். குழி விழுந்திருந்தால் ஜாயிண்டையும் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் கழுவி, ஈரமில்லாமல் உலரவிட்டு, புது பூட் கிட்டோடு வரும் கிரீஸை முழுவதும் நிரப்புங்கள். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். அப்புறம், ஆக்ஸில் நட்டும் சர்க்கிளிப்பும் (ஜாயிண்டை ஆக்ஸிலில் பிடித்து வைக்கும் கம்பி வளையம்) புதிதாகவே போட மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.