பல வருடம் தூங்கிய பிரிட்டிஷ் வண்டியா? கிக்கரில் கால் வைக்காதீர்கள்

கொட்டகையில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த 1960களின் டிரையம்ஃப் பைக்கோ பிஎஸ்ஏ பைக்கோ கைக்கு வந்ததும் ஒரு உதை உதைத்துப் பார்க்கலாமே என்று கால் பரபரக்கும். வேண்டாம்.

இந்த வண்டிகளில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். வண்டி நிற்க நிற்க, அது பம்ப் வழியாகக் கசிந்து இன்ஜின் அடியில் இறங்கிவிடும். டேங்க் காலியாக இருக்கிறதே என்று புது ஆயிலை ஊற்றி உதைத்தால், உள்ளே ஏற்கெனவே தேங்கியதும் சேர்ந்து ஒரே புகை, சீல்களும் பிதுங்கும். அதனால் முதல் வேலை, கிராங்க் கேஸுக்கு அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை முழுக்க வடிப்பது. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும், பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இறுகினால் மல்லுக்கட்டாமல் இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள்.

பழைய பெட்ரோலைக் கொட்டி, டேங்கைக் கழுவி, பைப்புகளை மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் வரும் அமல் கார்புரேட்டரில் வில்லன், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்தான். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாக அடைத்திருக்கும். ஐடிலில் நிற்காத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, கரண்டு. பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் மைனஸை பாடிக்கு மாட்டி, ஏசி கரண்டை டிசியாக்கும் ரெக்டிஃபையரைக் கருக்கினேன். ப்ளக்கில் பொறி வரும் நேரத்தை வைக்கும் சின்ன சுவிட்சான பாயிண்டின் இடைவெளி, பேட்டரிக் கரண்டில் பொறி எடுக்கும் காயில் வண்டிக்கு 0.38 மி.மீ., தானே கரண்டு உண்டாக்கும் மேக்னெட்டோவுக்கு 0.30 மி.மீ.

கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருக்கும். இக்னிஷனை அணைத்து, லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது நாலு உதை உதைக்கலாம், பிரிந்துவிடும். ரப்பரில் வெடிப்பு விட்ட டயர்களை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், மாற்றுங்கள்.

அப்புறம் புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். திரும்பும் குழாயிலிருந்து ஆயில் விட்டு விட்டுத் துப்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லையா, அணைத்துவிட்டுப் பம்பைப் பிரியுங்கள். வந்துவிட்டால் தெருவில் இறக்கலாம், ஆனால் வலது காலில் கியர், இடது காலில் பிரேக்.