பியானோ பக்கத்திலிருந்து: அமெரிக்க இசைக்கல்லூரி ஆடிஷனுக்குத் தயாராவது

பதினொரு வருடமாக ஆடிஷன் அறைகளில் பியானோ வாசிக்கிறேன். கிளாரினெட், வயலின், வாய்ப்பாட்டு என்று யார் வந்தாலும் அவர்களுக்குப் பக்கவாத்தியம் நான்தான். ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை இதே வேலை. சில நாள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு அறைக்குள் போய் வருவேன். அவர்கள் வாசிப்பில் மூழ்கியிருப்பார்கள். மேசைக்குப் பின்னால் இருக்கும் பேராசிரியர்களின் முகம் எனக்குத்தான் தெரியும்.

அங்கே உட்கார்ந்து கண்டதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிஷனில் யாரும் உங்கள் உருப்படியை முழுசாகக் கேட்கப் போவதில்லை. பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். மூன்று நிமிடம் கேட்பார்கள், ‘நன்றி’ என்று நிறுத்துவார்கள், எட்யூடுக்கு, அதாவது பயிற்சிக்கென்றே எழுதிய உருப்படிக்குப் போகச் சொல்வார்கள். அதிலும் பாதியில் நிறுத்தி, மெதுவான பகுதி எங்கே, அதை வாசி என்பார்கள். நிறுத்துவது பிடிக்காமல் அல்ல, அவர்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் நீங்கள் நான்கைந்து தடவை புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். நம் சங்கீதத்தில் எடுப்பு என்கிறோமே, ஆடிஷன் முழுக்க அந்த எடுப்புதான்.

இது எனக்குத் தெரியாமல்தான் பதினேழு வயதில் நானே ஓர் ஆடிஷனுக்குப் போனேன். ஒரு பீத்தோவன் சொனாட்டாவை எட்டு மாதம் வாசித்து வைத்திருந்தேன். முதல் பக்கம் நன்றாகவே போனது. நடுவில் நிறுத்தி, ரீகேபிடுலேஷனிலிருந்து, அதாவது தொடக்க மெட்டு திரும்பி வரும் இடத்திலிருந்து வாசி என்றார்கள். கை கீபோர்டின் மேல் நின்றுவிட்டது. எட்டு மாதமும் ஆரம்பத்திலிருந்தே வாசித்துப் பழகியதால், அந்த இடத்துக்குப் போக முதல் ஐந்து பக்கத்தையும் தாண்டித்தான் என் விரலுக்கு வழி தெரியும். அந்தக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று எந்தப் பிள்ளைக்கு வாசித்தாலும் முதல் ஒத்திகையில் நடுவில் ஒரு பாரை, அதாவது தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டத்தைக் காட்டி, இங்கிருந்து எடு என்பது அதனால்தான்.

சரி, எப்போது தொடங்க வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே. காலக்கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். நேரடி ஆடிஷன்கள் பிப்ரவரியைச் சுற்றி நடக்கும். விண்ணப்பக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பருக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் நடுவில் விழும். நியூயார்க்கில் இருக்கும் ஜூலியார்டு இசைக்கல்லூரிக்கு வழக்கமாக டிசம்பர் 1. நிறைய கல்லூரிகள் முதலில் வீடியோ கேட்டு வடிகட்டுகின்றன, அதற்குப் பெயர் பிரீஸ்கிரீனிங். விண்ணப்பத்தோடேயே அந்த வீடியோவும் போக வேண்டும் என்பதால் அக்டோபரில் ரெக்கார்டிங் முடிந்திருக்க வேண்டும். அக்டோபரில் கேமரா முன்னால் நிற்க வேண்டுமென்றால் கோடை விடுமுறைக்குள் உருப்படிகள் கைக்கு வந்திருக்க வேண்டும். பிப்ரவரிக்குத்தானே ஆடிஷன் என்று நினைத்து செப்டம்பரில் புது கான்செர்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்கும் பெரிய உருப்படி) எடுக்கிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதற்கு முன்னால் எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள். பேச்சலர் ஆஃப் மியூசிக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாடம் இசைதான். இசையில் பி.ஏ. என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இசை, மற்றது பொதுப் படிப்பு. பள்ளியில் இசை ஆசிரியராக வேண்டும் என்பவர்களுக்கு மியூசிக் எஜுகேஷன் தனிப் பாதை. இசையையும் பொதுப் படிப்பையும் விட மனசில்லை என்றால் ஒஹாயோவில் இருக்கும் ஓபர்லின் கல்லூரியில் ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் வாங்கலாம். பிலடெல்பியாவில் இருக்கும் கர்டிஸ் 1928-லிருந்து மாணவர்களிடம் கல்விக்கட்டணமே வாங்குவதில்லை. ஆனால் அது மிகச் சிறிய பள்ளி, காலி இடம் இருந்தால்தான் எடுப்பார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப்பள்ளி அதற்கு நேரெதிர், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் மாணவர்கள். ஏழெட்டுக் கல்லூரிக்கு மேல் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு ஆடிஷனும் ஒரு பயணம். பயணத்தில் சோர்ந்துபோன கை வாசிப்பில் தெரிந்துவிடும்.

கல்லூரியின் பெயரைவிட உங்கள் வாத்தியத்துக்கு அங்கே ஆசிரியர் யார் என்பதுதான் பெரிது. நான்கு வருடமும் வாரம் ஒரு மணி நேரம் அவரோடுதான் இருப்பீர்கள். அதனால் கோடையிலோ செப்டம்பரிலோ அவருக்கு மின்னஞ்சல் எழுதி ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள். நான்கு வரி போதும்: பெயர், வகுப்பு, இப்போது யாரிடம் கற்கிறேன், என்ன வாசிக்கிறேன், அரை மணி நேரம் வகுப்பு எடுக்க முடியுமா, கட்டணம் எவ்வளவு. அம்மா அப்பா எழுதக் கூடாது, மாணவரே எழுத வேண்டும். அடுத்த வருடம் எத்தனை இடம் காலியாகும் என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஓபோ, பஸூன் மாதிரி ஊது வாத்தியங்களுக்குச் சில வருடம் ஒரே ஓர் இடம்தான் இருக்கும். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஒரு கேள்வி: அவர் சொன்ன ஏதாவது ஒன்றால் உங்கள் வாசிப்பு அந்த அரை மணியிலேயே மாறியதா? மாறியிருந்தால் அவரிடம் போகலாம். பாராட்டு மட்டும் வாங்கி வந்திருந்தால் யோசியுங்கள்.

உருப்படித் தேர்வுக்கு வருவோம். ஒவ்வொரு கல்லூரியும் பட்டியல் போடும். எல்லாவற்றையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், பாதிக்கு மேல் பொதுவாகத்தான் இருக்கும். வயலினுக்கு பாக்கின் தனி வயலின் சொனாட்டா, பார்ட்டிட்டாக்களிலிருந்து ஒன்றோ இரண்டோ பகுதி, ஒரு கான்செர்டோவின் முதல் பகுதி, ஒரு எட்யூட் அல்லது பாகனினி கேப்ரிஸ், ஸ்கேல்கள் (சுர வரிசைகள்). வாய்ப்பாட்டுக்கு இத்தாலிய மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, சில இடங்களில் ஜெர்மனோ பிரெஞ்சோ கூட. எது மனப்பாடமாக வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதையும் அந்தத் தாளில் குறியுங்கள். உங்களால் வாசிக்க முடிந்ததிலேயே கஷ்டமானதை எடுக்காதீர்கள். அதற்கு ஒரு படி கீழே இருப்பதை எடுத்து, தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கிற மாதிரி செய்யுங்கள். பதட்டத்தில் ஒரு படி இறங்கும், எல்லாருக்கும் இறங்கும்.

பிரீஸ்கிரீனிங் வீடியோவில் பொதுவான விதி, ஒரு உருப்படி ஒரே டேக்கில் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. எக்கோ சேர்க்கக் கூடாது. இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் நிறுத்தலாம். முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி கேமராவை வையுங்கள். ஃபோனின் மைக்கை மட்டும் நம்ப வேண்டாம். சத்தம் கூடினால் அது தானாகவே அளவைக் குறைத்துவிடும், மெல்லிசான இடத்தைத் தூக்கிவிடும். நீங்கள் பாடுபட்டுப் போட்ட ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடும். தனி ரெக்கார்டர் ஒன்றை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து, அந்தத் தானியங்கி அளவுச் சரிசெய்தலை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பியானோ சுருதி சேர்த்து ஒரு வாரத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு நாளில் நான்கு டேக்குக்கு மேல் எடுக்க வேண்டாம், நான்காவதுக்குப் பிறகு சிறப்பாக வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசி நாள் இரவு எல்லாரும் ஒன்றாக அப்லோடு செய்வார்கள், நீங்கள் மூன்று நாள் முந்திவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம், கட்டுரை, இதுவரை வாசித்த உருப்படிகளின் பட்டியல் எல்லாம் செப்டம்பரிலேயே முடிக்கக் கூடியவை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கவாத்தியம் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். சில கல்லூரிகள் பியானோ கலைஞரைத் தரும், சில இடத்தில் நீங்களே அழைத்து வர வேண்டும், சில இடத்தில் பியானோ இல்லாமலே வாசிக்கச் சொல்வார்கள். முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி தருகிற கலைஞர் என்றால் ஒத்திகைக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. நீங்கள் கையில் கொடுக்கும் இசைத்தாளைத்தான் அவர் நம்ப வேண்டும். போன வருடம் ஒரு பெண் எனக்குக் கொடுத்த ஜெராக்ஸில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியின் இடது கைப் பகுதி வெட்டுப்பட்டிருந்தது. தாள் சின்னது, புத்தகம் பெரிசு, யாரும் கவனிக்கவில்லை. நல்லவேளை எனக்கு அந்த உருப்படி மனப்பாடம். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் பாருங்கள். இரண்டு பக்கமும் பிரதி எடுத்து வளையக் கோப்பில் போடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது.

மொசார்ட் வயலின் கான்செர்டோ வாசிப்பவர்கள் கவனியுங்கள். தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் நீளமான பகுதியை ஆடிஷனில் யாரும் முழுசாக வாசிப்பதில்லை. உங்கள் எடுப்புக்கு முன்னால் இரண்டு அல்லது நான்கு பார் மட்டும்தான் நான் வாசிப்பேன். ரெக்கார்டிங்கோடு பழகிய பிள்ளைகள் வில்லைத் தூக்குவதற்குள் அவர்கள் இடம் வந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று பியானோ தாளில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

காலப்பிரமாணத்தை எனக்குச் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. பிராம்ஸ் 1894-ல் எழுதிய எஃப் மைனர் கிளாரினெட் சொனாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பாரும் பியானோ மட்டும்தான். ஐந்தாவது பாரில் கிளாரினெட் வந்து சேரும்போது வேகம் என் கையால் தீர்மானமாகிவிட்டிருக்கும். ஒரு பையன் ரீடை (கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் வைக்கும் நாணல் பட்டை) ஈரப்படுத்திக்கொண்டே எனக்குத் தலையாட்டினான், நான் தொடங்கிவிட்டேன். அவனுக்கு வேண்டியதைவிட அது வேகம். பின்னால் வேகமான சுரங்கள் வந்தபோது மூச்சு வாங்கியது. அதற்கப்புறம் எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன்: தொடங்குவதற்கு முன்னால் உருப்படியிலேயே கடினமான இரண்டு பாரை மனசுக்குள் பாடுங்கள். அது வசதியாக ஓடுகிற வேகம்தான் உங்கள் வேகம். பிறகு முதல் வரியை அதே வேகத்தில் எனக்கு மெல்லப் பாடிக் காட்டுங்கள். விரலைச் சொடுக்க வேண்டாம். கண்ணைப் பாருங்கள், மூச்சை எடுங்கள், அந்த மூச்சிலேயே எனக்கு வேகம் தெரியும்.

பயிற்சியில் கடைசி ஆறு வாரத்துக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு உருப்படியிலும் ஆறேழு இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: எட்யூட் மூன்றாவது வரி, கான்செர்டோ இரண்டாவது தீம், பாக் கடைசிப் பக்கம் என்று. டப்பாவில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். வாத்தியத்தைத் தொட்டுப் பத்து நொடிக்குள் அந்த இடம் ஒலிக்க வேண்டும். கை சூடாகாத காலை நேரத்திலேயே செய்யுங்கள். வாரம் ஒரு தடவை மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போதே வாசியுங்கள். ஆடிஷனில் நெஞ்சு அப்படித்தான் இருக்கும், உடம்புக்கு அது பழகிய நிலையாக இருக்கட்டும். நண்பர்களை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து, பாதியில் நிறுத்தச் சொல்லுங்கள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் அப்படித்தான் இருப்பார்கள், அதில் பகை எதுவும் கிடையாது.

ஸ்கேலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். எந்த ஸ்கேல் என்பதை அந்த நிமிடம்தான் சொல்வார்கள். பார்க்காத தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. அதில் சுரம் தவறினாலும் தாளத்தை விடாத பிள்ளைக்குத்தான் அவர்கள் முகம் மலர்ந்து பார்த்திருக்கிறேன். பல இடங்களில் தியரித் தேர்வும், கேட்டுப் பாடிக் காட்டும் தேர்வும் இருக்கும்.

ஆடிஷன் நாள் குளிர்காலத்தில் வருகிறது. பனியில் விமானம் தாமதமாகும், அதனால் முந்தைய நாளே போய்விடுங்கள். சூடாக்கிய அறைகளில் காற்று உலர்ந்திருக்கும், ரீடும் மர வாத்தியமும் அதற்கு உடனே மாறும். ரீடில் மூன்று நல்லது எடுத்துப் போங்கள். கையுறையை அறை வாசல் வரை கழற்றாதீர்கள். காத்திருக்கும் இடத்தில் எல்லாரும் ஒன்றாக வாசித்துப் பார்ப்பார்கள், பக்கத்து அறையில் உங்கள் கான்செர்டோவையே யாரோ உங்களைவிட வேகமாக வாசிப்பது கேட்கும். அந்த நேரத்தில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் முதல் வரியை மனசுக்குள் உங்கள் வேகத்தில் பாடுங்கள். உள்ளே போனதும் வணக்கம் சொல்லி, சுருதி சேர்த்து, என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தவறு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பாதித் தவறுகளை மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் மாணவரின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

முடிவுகள் பெரும்பாலும் ஏப்ரல் 1-ஐ ஒட்டி வரும். எந்தக் கல்லூரி என்று மே 1-க்குள் சொல்ல வேண்டும். திறமைக்கான உதவித்தொகை ஆடிஷனை வைத்துத் தீர்மானமாவது வழக்கம், குடும்ப வருமானத்தை வைத்துத் தரும் உதவி தனி விண்ணப்பம். இரண்டையும் கூட்டி, மீதி எவ்வளவு என்று கல்லூரிக்குக் கல்லூரி ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். உதவி குறைவாக இருந்தால், வேறு கல்லூரி தந்த தொகையைச் சொல்லி, இன்னும் கூட்டித் தர முடியுமா என்று மரியாதையாக எழுதிக் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

முடிவு செய்த அன்றைக்கே, நீங்கள் வேண்டாம் என்று விட்ட கல்லூரிகளுக்கும், உங்களுக்குச் சோதனை வகுப்பு எடுத்த ஆசிரியர்களுக்கும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அங்கே காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு பிள்ளை ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.