பன்றிப் பண்ணைகளில் வைரஸ் நோய்ப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வக அறிக்கையில் நோய் இல்லை என்று வந்த சில நாட்களிலேயே பன்றிகள் காய்ச்சலில் படுத்துச் சாகத் தொடங்கினால், பண்ணையாளரின் சந்தேகம் முதலில் ஆய்வகத்தின் மீதுதான் விழும். ஆனால் பெரும்பாலான வேளைகளில் பிழை, மாதிரி பண்ணையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. எந்தப் பன்றியிடமிருந்து, எந்த நாளில், எத்தனை மாதிரிகளை, எந்தக் கேள்விக்கு விடை தேடி எடுத்தோம் என்பதில் குறை இருந்தால், எவ்வளவு நேர்த்தியான கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எல்லாவற்றிலும் அதிகமாக நான் காண்பது, பரிசோதனையின் வகையும் நோயின் நாளும் பொருந்தாமல் போவது. பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுவைத் தேடுகிறது. எலைசா பரிசோதனை பெரும்பாலும் அந்த வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் எதிர்ப்பொருள் தென்படுவதற்குத் தொற்றிய பிறகு 7 முதல் 10 நாட்களாவது ஆகும். தீவிர வகைத் தொற்றில் பல பன்றிகள் அதற்குள்ளாகவே இறந்துவிடுகின்றன. ஆகவே இறந்துகொண்டிருக்கும் மந்தையில் எலைசா மட்டும் செய்து, எதிர்ப்பொருள் இல்லை என்ற முடிவைக் கண்டு நிம்மதி அடைவது ஆபத்தானது. இதன் மறுபக்கமும் உண்டு. பிஆர்ஆர்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இனப்பெருக்க, சுவாச நோயில் வைரஸ் இரத்தத்திலிருந்து மறைந்த பிறகும் அடிநாக்குச் சதையிலும் நிணநீர்க் கணுக்களிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கக்கூடும். அத்தகைய பன்றியின் இரத்தத்தில் மட்டும் பிசிஆர் செய்துவிட்டு, அதை நோயற்றது என்று சொல்லி மந்தைக்குள் சேர்த்துவிடக் கூடாது.

அடுத்து, பன்றியைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு. நோய்க்குக் காரணம் தேடும்போது பலர் கொட்டிலின் மூலையில் எலும்பும் தோலுமாக நிற்கும் குட்டியைப் பிடிக்கிறார்கள். அது பல வாரங்களுக்கு முன் நோயுற்றது, மருந்தும் பலமுறை வாங்கியது, மூல வைரஸ் போய்ப் பின்னால் வந்த பாக்டீரியாக்களே அதனிடம் மிஞ்சியிருக்கும். பிடிக்க வேண்டியது நேற்றோ இன்றோ காய்ச்சல் கண்டு, தீவனத் தொட்டிக்கு வராமல் படுத்திருக்கும் பன்றியை. குறிப்பாக இன்ஃபுளுவென்சாவில், பன்றி மூக்கின் வழியே வைரஸை வெளியேற்றுவது சுமார் 5 முதல் 7 நாட்கள் மட்டுமே.

மந்தையில் நோய் இல்லை என்று நிறுவுவதோ முற்றிலும் வேறு வேலை. அங்கே எண்ணிக்கைதான் பேசும். ஒரு பெரிய மந்தையில் 5 சதவீதப் பன்றிகளுக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 பன்றிகளை மட்டும் சோதித்தால், தொற்றுள்ள ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். 95 சதவீத உறுதியுடன் ஒன்றையாவது கண்டுபிடிக்க 59 மாதிரிகள் வேண்டும். தொற்று 10 சதவீதமாக இருந்தால் 29 போதும், 1 சதவீதமானால் 299 வேண்டும். இந்தக் கணக்கும்கூட, பரிசோதனை ஒரு தொற்றையும் தவறவிடாது என்றும், பன்றிகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்றும் எடுத்துக்கொண்டே போடப்பட்டது. வாசலுக்கு அருகே உள்ள ஒரே கொட்டிலில் எளிதாகப் பிடிபட்ட 30 பன்றிகள், எண்ணிக்கையில் 30 ஆனாலும் மந்தையைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்வதில்லை. பணம் மிச்சமாகட்டும் என்று ஐந்து மாதிரிகளை ஒன்றாகக் கலந்து பிசிஆர் செய்வது பல இடங்களில் ஏற்கத்தக்கதே. ஆனால் அவற்றுள் ஒன்றில் மட்டும் வைரஸ் இருந்தால் அது ஐந்தில் ஒரு பங்காக நீர்த்து, கண்டறியப்படுவது, பிசிஆர் மரபணுவை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கும் சுழற்சிகளில் சுமார் 2.3 தள்ளிப்போகும். வைரஸ் மிகக் குறைவாக உள்ள மாதிரிகள் இந்த இடத்தில்தான் நழுவிவிடுகின்றன.

கயிறு கட்டி உமிழ்நீர் சேகரிக்கும் முறை பன்றிக்கும் ஆளுக்கும் வதை இல்லாதது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. சாயமிடாத பருத்திக் கயிற்றைப் பன்றிகளின் தோள் உயரத்தில் தொங்கவிட்டு, 20 முதல் 30 நிமிடம் மெல்லவிட்டு, நனைந்த முனையைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிழிந்து, சேரும் கலங்கலான நீரைக் குழாயில் ஊற்றி உடனே குளிரில் வைக்க வேண்டும். ஆனால் அந்த அரை மணி நேரம் கொட்டிலைச் சற்று நின்று பாருங்கள்: நலமாக உள்ள பன்றிகள் முண்டியடித்துக் கயிற்றைக் கடிக்கும், காய்ச்சல் கண்டது எழுந்தே வராது. எனவே பரவலான தொற்றைக் கண்காணிக்க இம்முறை நன்று. தனிப்பட்ட நோயாளியைச் சோதிக்க இதை நம்பக் கூடாது. சீரத்துக்காக, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீருக்காகத் தயாரிக்கப்பட்ட எலைசா முறையை உமிழ்நீருக்கு அப்படியே பயன்படுத்துவதும் தவறு.

மாதிரியைக் கையாளுவதில் சிறு கவனக்குறைவும் பெரிய விலை கேட்கும். இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஹெபாரின் உள்ள குழாய் பிசிஆர் வினையையே தடுக்கக்கூடும். முழு இரத்தத்தில் பிசிஆர் செய்ய, உறைவைத் தடுக்கும் மற்றொரு பொருளான ஈடிடிஏ உள்ள குழாயே உகந்தது. சீரத்துக்கு எடுத்த இரத்தத்தை உறையவிட்டுச் சீரத்தைப் பிரிக்காமல் அப்படியே உறைவுப் பெட்டியில் வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி கெட்டுவிடும். திசுவின் சிதைவை நுண்ணோக்கியில் பார்க்க ஃபார்மலினில் போட்ட துண்டிலிருந்து வைரஸை வளர்க்க முடியாது; ஆகவே குளிரூட்டிய துண்டு ஒன்றும் ஃபார்மலினில் ஒன்றுமாக இரண்டும் அனுப்ப வேண்டும்.

எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற முடிவையும் நோய் என்று உடனே படித்துவிடக் கூடாது. குட்டி சீம்பாலில் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருளும், தடுப்பூசியால் உண்டானதும் எலைசாவில் அப்படியே தெரியும். பிஆர்ஆர்எஸ் நோயில் உயிருள்ள தடுப்பூசி போட்ட பன்றியையும் இயற்கையாகத் தொற்றிய பன்றியையும் வழக்கமான எலைசா பிரித்துக் காட்டாது. பன்றிகளின் மற்றொரு வைரஸ் நோயான ஆஜெஸ்கியிலோ, ஜிஇ என்னும் வைரஸ் புரதம் நீக்கப்பட்ட தடுப்பூசியும் அதற்கேற்ற எலைசாவும் இருப்பதால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. தடுப்பூசி போட்ட தேதியையும் பன்றியின் வயதையும் மாதிரிப் படிவத்தில் எழுதாமல் விடுவோர் பலர். அந்த இரண்டும் இல்லாமல் முடிவுக்குப் பொருள் கூறுவது யாராலும் ஆகாது.

குட்டிகளை மெலியச் செய்யக்கூடிய பிசிவி2 வைரஸ் ஏறக்குறைய எல்லா வணிக மந்தைகளிலும் இருப்பதால், பிசிஆர் அதைக் கண்டதாலேயே மெலிவுக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. வைரஸின் அளவும் நிணநீர்க் கணுக்களில் அதற்குரிய சிதைவும் சேர்ந்து இருக்க வேண்டும். அதுபோலவே, நோயற்ற பன்றிகளை 99 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனையில் 300 நோயற்ற பன்றிகளைச் சோதித்தால் மூன்று பொய்யாகத் தொற்று என்று காட்டுவது இயல்பு. அவற்றை மறுபடி வேறு முறையில் சோதிக்காமல் மந்தையை அழிக்க முனைவதும், பொய்தான் என்று ஒதுக்கிவிடுவதும் ஒரே அளவு பிழை.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற ஐயம் எழுந்தால், காரணம் பார்க்கிறேன் என்று இறந்த பன்றியைப் பண்ணையிலேயே அறுக்கக் கூடாது. சிந்தும் இரத்தம் முழுவதும் வைரஸ். அது தரையிலும் காலணியிலும் பல நாள் தங்கும். கண்ணால் பார்த்து இதையும், வேறொரு வைரஸால் வரும் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலையும் பிரிக்க இயலாது என்பதால், அரசுக் கால்நடை அலுவலருக்குத் தெரிவித்து அவர்கள் வழியே மாதிரி எடுக்க வேண்டும். முடிவு வரும் வரை ஒரு பன்றியும், ஒரு வண்டியும், எருவும்கூட வாயிலைத் தாண்டக் கூடாது.