பல கில்டுகள் கூடும் ரோல்பிளே உலகுக்கு விதி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, எழுத்திலேயே கூட்டாகக் கதை வளர்க்கும் விளையாட்டு ரோல்பிளே; அதில் சேர்ந்து விளையாடும் குழுவே கில்டு. ஒரே கில்டுக்குள் இருபது முப்பது பேர் விளையாடும்வரை எழுதப்பட்ட விதிகள் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. தலைவருக்கு எல்லாரையும் தெரியும். யாருக்கு எது பிடிக்காது என்பதும் தெரியும். மனக்கசப்பு வந்தால் இருவரையும் தனியே அழைத்துப் பேசி முடித்துவிடுவார். பத்துப் பதினைந்து கில்டுகள் ஒரே கதையுலகைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கும்போது இந்த வசதி போய்விடுகிறது. ஒரு கில்டில் அன்றாட வேடிக்கையாக இருப்பது மற்றொன்றில் வெளியேற்றத்துக்குரிய குற்றமாக இருக்கும். இரண்டு கில்டுகளின் ஆட்களும் பொது நகரத்தின் சந்தையில் எதிரெதிரே வந்து நிற்கும்போது எந்த வழக்கம் செல்லுபடியாகும் என்று எவருக்கும் தெரியாது. இத்தகைய கூட்டமைப்புகளுக்கு விதி எழுத முன்வரும் புதியவர்கள் தங்கள் வரைவைப் படித்துப்பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் அவற்றில் காண்கிறேன்.

மரியாதையாகப் பேசுக, ஸ்பேம் செய்யாதே, மெட்டாகேமிங் (பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க முடியாததை வைத்து அதை நடத்துவது) கூடாது, காட்மோடிங் (தன் பாத்திரத்தை வெல்லவே முடியாததாக்குவது, பிறர் பாத்திரத்தின் செயலைத் தானே தீர்மானிப்பது) கூடாது என்பவற்றை எவரும் மறப்பதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆட்டக்காரர் செய்த குற்றத்துக்குப் பாத்திரத்தைத் தண்டிப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. எனக்கு வரும் வரைவுகளில் பெரும்பாலானவற்றில், விதியை மீறும் உறுப்பினரின் பாத்திரம் சிறையில் அடைக்கப்படும், பதவி இழக்கும், நாடு கடத்தப்படும் என்ற ரீதியில் ஒரு பத்தி இருக்கிறது. எழுதியவருக்கு அது கதையோடு இயைந்த நேர்த்தியான ஏற்பாடாகத் தோன்றுகிறது. ஒருவரை நேரில் கண்டிக்கும் சங்கடத்திலிருந்து அது நிர்வாகிகளைக் காப்பாற்றுகிறது என்பதே அதன் உண்மையான கவர்ச்சி என்று நினைக்கிறேன்.

நான் வேறொரு கில்டின் பொறுப்பில் இருந்தபோது, அதே கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு கில்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திருடன் பாத்திரத்தை மிகத் திறமையாக எழுதிவந்த ஆட்டக்காரர் ஒருவர், மற்றொரு ஆட்டக்காரருக்குத் தனிச்செய்தி அனுப்பி, இருவரின் பாத்திரங்களுக்கிடையே காதல் கதை ஒன்றைத் தொடங்கும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தெளிவாக மறுத்துவிட்டார், செய்திகள் நிற்கவில்லை. புகார் தலைவர்கள் குழுவுக்குப் போனது. குழு அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், அரசனின் காவலர்கள் திருடனைக் கைதுசெய்து ஒரு மாதம் சிறையில் வைப்பதாகக் கதையில் எழுதிவிடலாம் என்று தீர்மானித்தது.

விசாரணைக் காட்சிக்கு அதுவரை எந்த நிகழ்வுக்கும் வராத அளவுக்குக் கூட்டம் வந்தது. திருடன் கூண்டில் நின்று பேசிய பேச்சை மறுநாள் எல்லாச் சேனல்களிலும் (உரையாடல் அறைகளிலும்) மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். புகார் கொடுத்தவரின் பாத்திரம் சாட்சியாக வந்து நிற்க வேண்டியதாயிற்று. புகாரின் உள்விவரம் இரகசியமாக வைக்கப்பட்டிருந்ததால், நடந்தது எதுவும் தெரியாத போட்டிக் கில்டு ஒன்று சிறையை உடைத்து அவனை மீட்கத் திட்டமிட்டது. சிறை உடைப்பு விதிகளின்படி முற்றிலும் அனுமதிக்கப்பட்டது என்பதால் மீட்டும்விட்டது. ஒரு மாதத் தண்டனை பத்து நாளில் முடிந்து, திருடன் இரண்டு கில்டுகளின் நாயகனானான். இவ்வளவுக்கும் இடையில் தனிச்செய்திகள் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்தப் பெண் மீண்டும் முறையிட்டபோது, "அவருக்குத்தான் தண்டனை கொடுத்தாகிவிட்டதே" என்று பதில் வந்தது. அந்தப் பெண் வெளியேறினார், அவருடைய கில்டும் கூட்டமைப்பிலிருந்து விலகியது.

ஒத்திகைக்கு வராத நடிகரைத் திருத்துவதற்காக நாடகத்தில் அவர் வேடத்தைச் சிறையில் அடைப்பவர் எவரும் இல்லை. அப்படிச் செய்தால் அவருக்குக் கூடுதலாக ஒரு காட்சி கிடைக்கும். ரோல்பிளேயிலும் அதுவே நடக்கிறது. கதையில் நேரும் துன்பம் ஆட்டக்காரருக்கு இழப்பாவதில்லை. பலர் அதைத் தேடித்தான் வருகிறார்கள். பல கில்டுகள் கூடும் இடத்தில் கேடு இன்னும் ஆழமானது. ஒரு கில்டின் அரசன் வழங்கிய தீர்ப்பை மதிக்க மற்றக் கில்டுகளுக்குக் கதைக்குள் எந்தக் கடமையும் இல்லை. அதை எதிர்த்துப் படையெடுப்பதும் கைதியை மீட்பதும் நல்ல விளையாட்டு. தண்டனையைக் கதைப்பொருளாக்கியவுடன், அதைக் கவிழ்க்கும் உரிமையையும் எல்லாருக்கும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

இதே குழப்பம் தலைகீழாகவும் வரும். துரோகி ஒருவனை எழுதிவந்த நேர்மையான ஆட்டக்காரர், கதையில் தன் கில்டுத் தலைவரைக் காட்டிக்கொடுத்ததற்காகச் சர்வரிலிருந்தே நீக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் மூன்று மாதங்களாக எல்லாரும் காணும்படி அந்தத் துரோகத்துக்கான குறிப்புகளைத் தூவிவந்தார். கதைக்குள் நடப்பதும் வெளியே நடப்பதும் ஒரே கருவியால் கையாளப்படும் இடத்தில், வில்லனை எழுதத் துணிபவர்கள் மெல்லக் குறைந்துபோவார்கள்.

ஆகவே வரைவைச் சரிபார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒவ்வொரு விதியின் எழுவாயை. "பாத்திரம்" என்றோ "ஆட்டக்காரர்" என்றோ அது தொடங்க வேண்டும். "உறுப்பினர்" என்று பொதுவாகத் தொடங்கும் விதியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பாத்திரத்தின் செயலுக்குக் கதையில் விளைவு வரலாம். ஆட்டக்காரரின் செயலுக்கு எச்சரிக்கை, சில நாள் மியூட் (பேசத் தடை), பொது இடங்களில் விளையாடத் தடை, இறுதியாக வெளியேற்றம் என்று கதைக்கு வெளியே மட்டுமே விளைவு இருக்க வேண்டும். மேய்ச்சல் நிலங்களையும் பாசன அமைப்புகளையும் மக்கள் தாங்களே எப்படி நெடுங்காலம் பேணுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினார் ஆஸ்ட்ரோம், நீடித்து நிற்கும் அமைப்புகளின் பண்புகளுள் ஒன்றாகப் படிப்படியாகக் கூடும் தண்டனையைக் குறிப்பிட்டார். கில்டுக் கூட்டமைப்புகளுக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. துன்புறுத்தலுக்கு மட்டும் அந்தப் படிகளைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எழுதிவையுங்கள்: ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டால் அவர் பாத்திரம் என்ன ஆகும்? தூர தேசம் போய்விட்டது என்ற ஒற்றை வரி போதும். நகரச் சதுக்கத்தில் பொதுத் தூக்குத்தண்டனை நடத்த வேண்டும் என்று ஒரு கில்டாவது கேட்கும். மறுத்துவிடுங்கள்.

அதிகார எல்லையை எழுதாமல் விடுவது

கில்டின் சொந்தச் சேனல்களில் கில்டின் விதி, பொது இடங்களில் பொது விதி என்று பெரும்பாலானோர் எழுதிவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். இரண்டு கில்டுகளைச் சேர்ந்தவர்கள் தனிச்செய்தியில் தொடரும் காட்சிக்கு யார் பொறுப்பு? ஒரு கில்டின் மண்டபத்தில் விருந்தாளியாக வந்தவருக்கு எது பொருந்தும்? ஒருவர் இரண்டு கில்டுகளில் வெவ்வேறு பாத்திரங்களுடன் இருந்தால், ஒன்றில் பெற்ற தடை மற்றொன்றிலும் தொடருமா? நான் கண்ட பெரிய சண்டைகள் பெரும்பாலும் இந்த இடுக்குகளில்தான் முளைத்தன.

பொறுப்பை எவரும் ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. பாவெல் கர்ட்டிஸ் 1990இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய லாம்ப்டாமூ என்ற எழுத்துவழி உலகில், நிர்வாகிகளை விசார்ட் என்று அழைத்தார்கள். 1992இன் இறுதியில், இனித் தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்போம், மக்களிடையேயான பூசல்களில் தலையிட மாட்டோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ஒருவர் ஒரு நிரலைக் கொண்டு மற்றவர்களின் பாத்திரங்கள்மீது பாலியல் வன்கொடுமைக் காட்சிகளைப் பொது அறையில் திணித்தார். அவரை நீக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படாமலே கூட்டம் கலைந்தது. பின்னர் ஒரு விசார்ட் தன் சொந்தப் பொறுப்பில் அந்தக் கணக்கை அழித்தார். மனுவும் வாக்கெடுப்பும் அதன்பிறகே வந்தன. பூசல்களைத் தொழில்நுட்பத்திலிருந்து பிரித்து வைக்க முடியவில்லை என்று 1996இல் விசார்டுகள் மீண்டும் அறிவித்தார்கள்.

இதைக் கருத்தில் கொண்டு, எந்தக் கில்டும் தளர்த்த முடியாத சில அடிப்படை விதிகளை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள். துன்புறுத்தல், வயது, பிறருடைய அந்தரங்க விவரங்களை வெளியிடுதல், காட்சியை நிறுத்தும் உரிமை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். தனிச்செய்திக்கும் அவை பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். நிறுத்தும் உரிமைக்கு, ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் மேசை ரோல்பிளேக்காக உருவாக்கிய எக்ஸ்-கார்டு முறை நல்ல மாதிரி: நிறுத்தக் கோருபவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் விளக்கம் கேட்பதும் இல்லை. நிறுத்தும் சொல் எல்லாக் கில்டுகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அந்நியரோடு விளையாடும்போது, அவர் கில்டில் என்ன சொல் என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இந்த அடிப்படைக்கு மேல் இருப்பதைக் கில்டுகளிடமே விட்டுவிடுங்கள். பதிவின் நீளம், பெயர் சூட்டும் முறை, மாயவித்தையின் அளவு ஆகியவற்றையெல்லாம் மையக் குழு தீர்மானிக்க முனைந்தால், எதுவுமே தங்கள் கையில் இல்லாத கில்டுத் தலைவர்கள் எதைப் பற்றியும் கவலைப்படாதவர்களாக மாறிவிடுவார்கள்.

தன் கில்டின் வழக்கைத் தானே விசாரிப்பது

வேண்டாம். இரு தரப்பிலும் சேராத மூன்றாவது கில்டிலிருந்து ஒருவரை அழையுங்கள்.

ஒவ்வொரு தகராறுக்கும் ஒரு விதி

ஒரு கூட்டமைப்பின் விதிப்பட்டியலில், விடுதிக்குள் குதிரையில் ஏறி வரக் கூடாது என்று இருந்தது. ஏதோ ஒரு மாலையில் எவரோ குதிரையோடு நுழைந்து ஒரு துக்கக் காட்சியைக் குலைத்திருக்கிறார். அடுத்த மாதம் இன்னொருவர் ஓநாய்மீது வந்தார். விதியில் குதிரை என்றுதானே இருக்கிறது என்று வாதிட்டார். உடனே விலங்குகளைப் பற்றி ஓர் உட்பிரிவு சேர்ந்தது. பிறகு, தானே விலங்காக மாறும் பாத்திரத்துக்கு விதிவிலக்கு. நான் பார்த்தபோது அந்தப் பகுதி மட்டும் ஒரு திரை நீளம் இருந்தது. பிறர் நடத்திக்கொண்டிருக்கும் காட்சியை அவர்கள் இசைவின்றிக் குலைக்கக் கூடாது என்ற ஒரு வரி அவ்வளவையும் உள்ளடக்கியிருக்கும்.

விதி நீள நீளப் படிப்பவர் குறைவார்கள். வரிக்கு வரி படிப்பவர்கள் ஓட்டை தேடுபவர்களாகவே இருப்பார்கள். புதிய விதி வேண்டும் என்ற கோரிக்கையை ஒரு வாரம் கிடப்பில் போடுவது என் வழக்கம். சூடு ஆறிய பிறகு, பெரும்பாலும் இருக்கும் விதியே போதும் என்று தெரியவரும். அப்போது அந்தத் தீர்ப்பை ஒரு முன்னுதாரணமாக, பெயர்களை நீக்கி, மாடரேட்டர்களின் (உரையாடலைக் கண்காணிக்கும் பொறுப்பாளர்களின்) குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும்.

நடந்து முடிந்ததற்குப் புதிய விதியைப் பொருத்துவது

அறிவித்த நாளுக்குப் பிறகு நடப்பதற்கே விதி.

மரணத்துக்கு இசைவு பெறாமல் போரை அனுமதிப்பது

ஒரு கில்டில் இறந்த பாத்திரம் திரும்புவதே இல்லை. மற்றொன்றில் கோயிலில் காணிக்கை செலுத்தினால் மறுநாள் எழுந்துவிடும். இவ்விரண்டும் போரிட்டால் ஒரு தரப்பு உயிரைப் பணயம் வைக்கிறது, மறுதரப்பு ஒரு மாலைப்பொழுதைப் பணயம் வைக்கிறது. போர் அறிவிப்போடு சேர்த்தே, மரணம் நிலையானதா, காயம் எவ்வளவு காலம் நீடிக்கும், தோற்றவர் எந்த நிலத்தை இழப்பார் என்பவற்றை இரு தலைவர்களும் எழுதிப் பொதுச் சேனலில் இடட்டும். நிலையான மரணத்துக்குத் தலைவரின் சம்மதம் போதாது. அந்தந்த ஆட்டக்காரரே இசைய வேண்டும்.

வயதைப் பாத்திரத்திடம் கேட்பது

பாத்திரத்துக்கு முந்நூறு வயது என்பதால் அதை எழுதுபவர் பதினெட்டைத் தாண்டியவர் ஆகிவிடமாட்டார். இத்தகைய குழுக்கள் கூடும் உரையாடல் செயலியான டிஸ்கார்டில் கணக்குத் தொடங்கப் பெரும்பாலான நாடுகளில் குறைந்தபட்ச வயது 13 என்பதால் பொது இடங்களில் சிறுவர்கள் இருப்பார்கள் என்று கொண்டே எழுதுங்கள். வயது வந்தோருக்கான காட்சி எந்தக் கில்டில் நடந்தாலும் 18 வயது வரம்பு குறிக்கப்பட்ட சேனலுக்குள் இருக்க வேண்டும். இதில் கில்டுகளுக்கு விருப்புரிமை கிடையாது.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்புவது

திரையில் தெரியும் செய்தியின் வாசகத்தை உலாவியிலேயே மாற்றிப் படமெடுக்க ஒரு நிமிடம் போதும். பொதுச் சேனலில் நடந்தது என்றால் செய்தியின் இணைப்பைக் கேட்டு, மாடரேட்டர் அந்த இடத்துக்கே போய்ப் படிக்க வேண்டும். டிஸ்கார்டின் ஆடிட் லாக் (நிர்வாகச் செயல்களின் பதிவேடு) 45 நாள் மட்டுமே பின்னோக்கிக் காட்டும். அழிக்கப்பட்ட செய்தியின் வாசகம் அதில் இருக்காது. ஒருவர் தன் செய்தியைத் தானே அழித்தால் அது பதிவாவதும் இல்லை. ஆகவே புகார் வந்த அன்றே, உரையாடலை முன்னும் பின்னும் சேர்த்து நகலெடுத்து வைக்கவேண்டும் என்பதை மாடரேட்டர்களுக்கான விதியாகவே எழுதுங்கள். தனிச்செய்திகளை மாடரேட்டர்களால் பார்க்க முடியாது. அந்த வகைப் புகாரில், புகார் கொடுத்தவர் குரல் அழைப்பில் தன் திரையைப் பகிர்ந்து, செயலியை மீண்டும் ஏற்றி, உரையாடலை மேலிருந்து கீழ்வரை காட்டினால் ஓரளவு நம்பலாம். அந்த அழைப்பில் இரண்டு மாடரேட்டர்கள் இருக்க வேண்டும். இருவரும் ஒரே கில்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது.