ஏர் ஃபிரையரை எங்கே வைப்பது?

ஏர் ஃபிரையர் வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்று பார்க்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மேடையில் எந்த மூலை காலியாக இருக்கிறதோ அங்கே சுவரோடு ஒட்டித் தள்ளிவிடுகிறோம். மிக்ஸியை அப்படி வைக்கலாம். ஏர் ஃபிரையரை வைக்கக் கூடாது. ஓடும்போது அது வெப்பக்காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் கருவி. அந்தக் காற்று எங்கே போகிறது, ஏதாவது தவறு நடந்தால் நம் கை எங்கே போகும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

கருவியின் மேல்பகுதியில் சூடேறும் காயிலும் விசிறியும் இருக்கின்றன. விசிறி அந்த வெப்பத்தைக் கூடைக்குள் சுழற்றி அடிக்கிறது. உள்ளே 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். உணவிலிருந்து கிளம்பும் ஆவியும் வெப்பக்காற்றும் வெளியேற ஒரு வழி வேண்டும்; பெரும்பாலான மாடல்களில் அது முதுகுப்பக்கம் இருக்கும். மோட்டாரையும் மின்னணுப் பலகையையும் குளிர வைக்க வெளிக்காற்றை உறிஞ்சும் துளைகள் வேறு இருக்கும். அவை மேலேயோ பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கலாம். இடம் தேடுவதற்கு முன் கருவியைத் திருப்பிப் பார்த்து இந்த இரண்டு வகைத் துளைகளையும் அடையாளம் காணுங்கள். எது காற்றை வெளியே தள்ளுகிறது என்று தெரியாவிட்டால், கூடையைக் காலியாக வைத்து, மிகக் குறைந்த வெப்பத்தில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். தெரிந்துவிடும்.

எவ்வளவு இடைவெளி

பெரும்பாலான கையேடுகள் பின்னாலும் இரு பக்கமும் மேலேயும் குறைந்தது 10 செ.மீ. கேட்கின்றன, சில மாடல்களுக்கு 15 செ.மீ. அல்லது அதற்கும் மேல். உங்கள் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம். கையேடு கைவசம் இல்லையென்றால் எல்லாப் பக்கமும் 15 செ.மீ. விடுங்கள், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடினாலும் நல்லதுதான்.

இடைவெளி குறைந்தால் என்ன ஆகும்? வெளியே தள்ளிய சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி, உறிஞ்சும் துளை வழியாக மறுபடி உள்ளே போகும். குளிர்விக்க வேண்டிய காற்றே சூடாக இருந்தால் மோட்டாரும் பலகையும் சூடேறும். வெப்பம் எல்லை மீறும்போது பாதுகாப்பு ஃபியூஸ் கருவியை நிறுத்திவிடும். சில மாடல்களில் அந்த ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான், சர்வீஸ் சென்டருக்குத்தான் எடுத்துப்போக வேண்டும். பாதிச் சமையலில் தானாக நின்றுபோகும் கருவியைப் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள்.

டேப் எடுத்து அளந்தே ஆக வேண்டும், கண்மதிப்பு இங்கே ஏமாற்றும். மேடையின் ஆழம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 15 விட்டு, 30 செ.மீ. ஆழமுள்ள சிறிய கருவியை வைத்தால் முன்னால் 15 செ.மீ. மிஞ்சும். அதே இடத்தில் 40 செ.மீ. ஆழமுள்ள பெரிய கருவி என்றால் மிஞ்சுவது 5 செ.மீ. மட்டுமே. டிராயரை இழுக்கும்போது மொத்தக் கூடையும் மேடைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். இதைச் சமாளிக்கக் கருவியைப் பின்னால் தள்ளத்தான் மனம் சொல்லும். தள்ளாதீர்கள். மேடையின் நீளவாக்கில் சற்றுச் சாய்கோணமாகத் திருப்பி வையுங்கள், அல்லது தனி மேசைக்கு மாற்றுங்கள்.

தலைக்கு மேலே

அதிகம் சேதம் நடப்பது மேல் கபோர்டில்தான், அதுவும் மெதுவாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பின்பக்கம் வெளியேறும் காற்று சுவரைத் தொட்டு நேராக மேலே ஏறி, கபோர்டின் அடிப்பலகை சுவரோடு சேரும் இடத்தில் முட்டும். அதில் வெப்பம் மட்டுமல்ல, ஈரமும் எண்ணெய்த் துகளும் இருக்கின்றன. சில வாரங்கள் கழித்து அந்த அடிப்பகுதியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்: பிசுபிசுப்பாகப் பழுப்பு நிறத்தில் ஒட்டும். அடுத்த கட்டத்தில் லேமினேட்டின் ஓரப்பட்டை பசை விட்டுப் பிரியும். உள்ளே மரத்தூள் பலகை என்றால் ஈரம் குடித்து உப்பும். உப்பியது பழையபடி ஆகாது. கபோர்டுக்கு அடியில் எல்.இ.டி. பட்டை விளக்கு ஒட்டியிருந்தால், அதன் அடாப்டரும் இந்த வெப்பத்தில்தான் வேகும்.

அதனால் மேலே எதுவும் இல்லாத இடமே முதல் தேர்வு. அப்படி இடமே இல்லை என்றால், கருவியைச் சமைக்கும்போது மட்டும் மேடையின் முன்பக்கம் இழுத்து, துளை கபோர்டின் விளிம்பைத் தாண்டி வருமாறு வைத்து, முடிந்து ஆறியதும் உள்ளே தள்ளலாம். இந்த ஏற்பாட்டில் தினமும் ஒரே இடத்தில் நிற்க, மேடையில் சிறு ஸ்டிக்கர் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. கபோர்டு அறைக்குள்ளோ மூடிய அலமாரித் தட்டிலோ வைத்து ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், கதவைத் திறந்து வைத்தாலும் சரி.

அடியில் என்ன

நான்கு காலும் சமமாகப் பதிய வேண்டும். ஒரு மூலையை அழுத்தினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் விசிறியின் அதிர்வில் கருவி மெல்ல நகரும். எடை குறைந்த கருவிகள் டிராயரை இழுக்கும்போது கூடவே வரும். ஒரு கையை மேல்மூடியின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு மறு கையால் இழுத்தால் வராது.

கிரானைட் பொதுவாகத் தாங்கும். ஒரே இடத்தில் சட்டென்று வெப்பம் ஏறினால் கல்லில் விரிசல் விழலாம் என்பதால், சூடான கூடையை மட்டும் நேராக வைக்காதீர்கள். செயற்கை குவார்ட்ஸ் பலகையில் கல்தூளோடு ரெசின் கலந்திருப்பதால் வெப்பத்தில் நிறம் மாறும், அந்தக் கறை போகாது. லேமினேட், மரம், பிளாஸ்டிக் மேசை என்றால் கட்டாயம் வெப்பம் தாங்கும் பலகையை அடியில் போடுங்கள். துணியும் பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டாம். சிலிகான் மேட் போடலாம், ஆனால் உங்கள் கருவிக்கு அடியில் துளை இருந்தால் மேட் அதை அடைக்கக் கூடாது. மெத்தென்ற மேட்டில் கால்கள் அமுங்கி, அடித்துளை தானாக மூடிக்கொள்வதும் உண்டு.

அடுப்பின் மேல் வைப்பதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மேலே சிம்னி இருக்கிறது, புகை போய்விடும் என்று அணைத்த அடுப்பின் மேல் வைக்கிறவர்கள் பலர். கை பட்டு ஒரு குமிழ் திரும்பினால் போதும், அடிப்பகுதி உருகித் தீப்பிடிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பும், கண்ணாடி மேல்தளம் கொண்ட மின்னடுப்பும் இதில் அடக்கம். சிம்னியின் பயன் வேண்டுமென்றால் அடுப்புக்குப் பக்கத்தில், சுடரும் எண்ணெய்த் தெறிப்பும் எட்டாத தூரத்தில் வையுங்கள். அரை மீட்டர் விட்டால் நிம்மதி. ஃபிரிட்ஜின் பக்கச் சுவரை நோக்கி வெப்பக்காற்று அடிக்கக் கூடாது, கம்ப்ரஸருக்கு வீண் சுமை. மைக்ரோவேவ் ஓவனின் தலையிலும் ஏற்றாதீர்கள், அதற்கும் தன் துளைகள் திறந்திருக்க வேண்டும்.

பிளக்கும் ஒயரும்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1500 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். 120 வோல்ட்டில் 12.5. இதைத் தாங்கும் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். மெலிந்த ஒயருள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் முதலில் சூடேறுவது பின்கள் தொடும் இடம். பிளாஸ்டிக் இளகி, நிறம் மாறி, கருகிய வாடை வரும். அதே லைனில் கெட்டிலையும் போட்டால், சுமை கூடும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழலாம். ஒயரைக் குட்டையாகக் கொடுத்திருப்பதே அது தொங்கி யார் காலிலும் கையிலும் மாட்டக் கூடாது என்பதற்காகத்தான், அதை நீட்ட வழி தேடாதீர்கள்.

பிளக் பாயிண்ட் கருவிக்கு நேர் பின்னால் இருந்தால் இரண்டு கேடு. சாதாரண பி.வி.சி. ஒயரின் தாங்குதிறன் 70 டிகிரி. வெளியேறும் காற்று தினமும் அதன்மேல் அடித்தால் உறை விறைத்து விரிசல் விடும். இரண்டாவது இன்னும் முக்கியம்: உள்ளே கரும்புகை வந்தால், பிளக்கைப் பிடுங்கக் கருவியின் மேலாகவே கையை நீட்ட வேண்டியிருக்கும். சுவிட்சும் பிளக்கும் பக்கவாட்டில், கருவியைத் தாண்டாமல் எட்டும்படி இருக்கட்டும். கரும்புகை வரும் நேரத்தில் செய்ய வேண்டியது: சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள், டிராயரைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். திறந்தால் புதுக்காற்று புகுந்து தீ எழும். புகை அடங்கிய பிறகே கூடையை இழுக்கலாம்.

சிங்கிலிருந்து தெறிக்கும் தண்ணீர் எட்டாத தூரம் வேண்டும். ஜன்னல் திரை, டிஷ்யூ ரோல், துடைக்கும் துணி எதுவும் காற்றின் பாதையில் இருக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒயர் மேடை விளிம்பில் தொங்கவே கூடாது, டிராயரின் கைப்பிடியும் விளிம்பை விட்டு உள்ளே தள்ளியிருக்க வேண்டும். கூண்டுப் பறவை இருந்தால் அதைச் சமையலறையில் வைக்காதீர்கள். அதிகமாகச் சூடேறிய நான்ஸ்டிக் பூச்சின் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

டிராயரை இழுத்ததும் அதை வைக்க, ஒரு கை தூரத்துக்குள் வெப்பம் தாங்கும் பலகை ஒன்று தயாராக இருக்கட்டும். சூடான கூடையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடும்போதுதான் கை சுடுகிறது. கீழ்நோக்கித் திறக்கும் கதவுள்ள ஓவன் வகை என்றால், கதவு முழுதாக விழுந்து நிற்கவும் முன்னால் இடம் விடுங்கள்.

இடத்தை முடிவு செய்ததும் ஒரு சோதனை. ஜன்னலைத் திறந்து வைத்து, காலிக் கூடையோடு 200 டிகிரியில் 15 நிமிடம் ஓட்டுங்கள். பேக்கிங் பேப்பரை உள்ளே போடாதீர்கள், எடையில்லாத பேப்பர் பறந்து காயிலில் ஒட்டிக் கருகும். புதுக் கருவியில் முதல் ஓட்டத்தில் லேசான வாடை வருவது இயல்பு. முடிந்ததும் பின்சுவர், கபோர்டின் அடிப்பகுதி, மேடை ஆகிய மூன்றையும் முதலில் புறங்கையை அருகே கொண்டுபோய், அனல் தெரியாவிட்டால் மட்டும் தொட்டுப் பாருங்கள். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கின் பிளாஸ்டிக் உடலைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுவரிலோ கபோர்டிலோ கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் இன்னும் 5 செ.மீ. முன்னால் இழுத்து, ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிளக்கே சுட்டால் இடத்தை மாற்றிப் பயனில்லை. அந்தப் பாயிண்டை எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதில் ஏர் ஃபிரையரைச் செருகாதீர்கள்.